புளி விடாத மசியல்

திண்டிவனம்
18.12.2024

அன்புள்ள அண்ணிக்கு, கலைப்பிரியா எழுதுவது.

இங்கு நான், வீட்டுக்காரர், அன்புச்செல்வி மூவரும் சுகம். அண்ணனும் நீங்களும் அஸ்வினியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. 'அத்தை உன்னை பிளாக் பண்ணிட்டாங்கம்மா' என்று அன்புச்செல்விதான் சொன்னாள். தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன். சொந்த அண்ணன் வீட்டுக்குக் கடிதம் போட்டு விசாரிக்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள். சரி, போகட்டும்.

நல்ல விஷயம் ஒன்று. கண்டமங்கலம் தென்னரசு வீட்டில் நம் அன்புச்செல்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆவணியில் உங்கள் வீட்டுக்கு வந்து அஸ்வினியைப் பார்த்துவிட்டுப் போன அதே குடும்பம்தான். உங்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்ணுக்கு மூச்சிரைப்பு என்று அவர்கள் காதில் யாரோ போட்டுவிட்டார்களாம். யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அஸ்வினிக்கு எழுதியது வேறு இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வரனை நான் எதற்கு விடவேண்டும், சொல்லுங்கள்.

தை பிறந்ததும், ஜனவரி 19 ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா செண்பகம் போன வாரம் போனில், "விழுப்புரத்துல துன்ன கருணைக்கெழங்கு மசியல் இன்னும் நாக்குல நிக்குதும்மா, உங்க வூட்லயும் அப்டிதான் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்கள். நானும் ஒரே குடும்பம், ஒரே கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டேன். என் சமையல் லட்சணம் உங்களுக்குத் தெரியும். படித்ததெல்லாம் ஹாஸ்டல் சாப்பாட்டில். கல்யாணம் ஆன பிறகு மாமியார் அடுப்பை விடவில்லை. அவர்கள் போன பிறகுதான் கரண்டியே பிடித்தேன். என்றைக்காவது கிழங்கு வாங்கினாலும் இங்கே மார்க்கெட்டில் வாங்கி வறுவல்தான் போடுவேன்.

அதனால் பொங்கல் சீரில் அண்ணன் வயல் கருணைக்கிழங்கு கொஞ்சம் கூடவே வையுங்கள். மசியல் செய்கிற முறையையும் விவரமாக எழுதி அனுப்புங்கள். கோபத்தை எல்லாம் பொங்கலுக்கு முன்னால் போகியில் போட்டுவிடுங்கள் அண்ணி.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
கலைப்பிரியா


விழுப்புரம்
26.12.2024

பிரியமுள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. எவ்வளவு நாள் கழித்து ஒரு கடிதம்! உன் அண்ணன் வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தார். நல்ல காரியம் என்றதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. 'என் மருமவளுக்குப் பூ வெக்கிறாங்க' என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ இவ்வளவு ஆசையாகக் கேட்டபின் மறுக்க நான் யார். கடிதமாகக் கேட்டதும் நல்லதுதான், பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்துச் செய்யலாம்.

கிழங்குக்குக் கவலைப்படாதே. திருவெண்ணெய்நல்லூர் வயலில் வரப்போரம் நட்டது இப்போது தழை சாய்ந்து நிற்கிறது. சீர் கொண்டுவருவதற்கு முதல் நாள் தோண்டச் சொல்கிறேன். மண் ஈரம் காயாமல் வந்து சேரும். மார்க்கெட்டில் கிடக்கிற வதங்கல் அல்ல, உன் அண்ணன் கைபட்ட புதுக் கிழங்கு என்று சம்பந்தி அம்மாளிடம் பெருமையாகச் சொல்லு.

இனி முறையைக் கேள். கிழங்கை மண் போகக் கழுவி, வெறும் தண்ணீரில் குக்கரில் போடு. ஒரு விசில் வந்ததும் இறக்கிவிடு. அதற்கு மேல் விட்டால் பசை மாதிரி ஆகிவிடும். தோலை உரித்து, சூடு ஆறும் முன் பருப்பு மத்தால் மசி. கட்டி இருக்கக்கூடாது. இருப்புச் சட்டியில் மல்லாட்டை எண்ணெய் தாராளமாக விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், நசுக்கிய இஞ்சி, கீறின பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மசித்த கிழங்கைப் போட்டு மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் வெந்த பாசிப்பருப்பு சேர்த்துக் கிளறு. சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கு.

புளி விடாதே. செண்பகம் அம்மாளுக்குப் புளித்தால் நெஞ்சு எரியும் என்று அன்றைக்கே சொன்னார்கள். எலுமிச்சம்பழமும் வேண்டாம். அவர்கள் மனசு கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?

இன்னொன்று. உன் மாமியார் சுமங்கலியாகப் போனவர்கள். உங்கள் வீட்டுப் பூவாடைக்காரி அவர்கள்தான். அவர்களுக்குப் படைக்காமல் பூ வைக்கிற காரியத்தைத் தொடங்காதே. படையலில் மசியலும் இருக்கட்டும், அவர்களுக்கும் ரொம்பப் பிடிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சாமிக்கு வைப்பது, ஞாபகம் இருக்கட்டும். உப்பு பார்க்கிறேன் காரம் பார்க்கிறேன் என்று நாக்கில் வைத்துவிடாதே. படைத்து, கற்பூரம் காட்டி, நேராக விருந்தாளி இலைக்குக் கொண்டுபோ.

எல்லாம் நல்லபடியாக நடக்கும். அன்புச்செல்விக்கு என் முத்தம்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அண்ணி அம்சா


திண்டிவனம்
22.01.2025

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அல்லது இங்கே வராமலே எல்லாம் தெரிந்திருக்கும். அண்ணன் நெல் அறுக்கிற மிஷின் அன்றைக்குத்தான் கிடைத்தது என்று வரவில்லை. வந்திருந்தால் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

நீங்கள் எழுதியபடி வரி வரியாகச் செய்தேன். புளி விடவில்லை. ருசி பார்க்கவில்லை. பூவாடைக்காரிக்குப் படைத்து விழுந்து கும்பிட்டுவிட்டு, முதல் கரண்டியைச் செண்பகம் அம்மாள் இலையில் வைத்தேன். 'வாசனையே அள்ளுதே' என்று அவர்கள் வாய் நிறையப் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் கொட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்காரர், மாப்பிள்ளை, கூட வந்த பெரியவர்கள் என்று வரிசையாக எழுந்து வாசல் குழாய்க்கு ஓடினார்கள். வெல்லம் கொடுத்தேன், மோர் கொடுத்தேன், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். 'வெசம் வெச்சிட்டியாடி?' என்று அந்த அம்மாள் கேட்டதைத் தெருவே கேட்டது. கொண்டுவந்த பூவைத் தாம்பாளத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்புச்செல்விக்கு மூன்று நாளாகப் பேச்சே வரவில்லை. உதடு வீங்கிக் கிடக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். "தோண்டின கையோட கருணைய யாராச்சும் அடுப்புல ஏத்துவாங்களா? அதுவும் புளி இல்லாம?" என்று அவள் சிரிக்கிறாள். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினீர்கள். ருசி பார்க்காதே என்று செத்துப்போன என் மாமியாரைச் சாட்சிக்கு வைத்து எழுதினீர்கள். எவ்வளவு நஞ்சு இருந்தால் இந்தக் கை அதை எழுதும்!

என் பெண் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தாள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கலைப்பிரியா


விழுப்புரம்
28.01.2025

கலைக்கு,

பதில் கேட்டாய். எழுதுகிறேன்.

ஆமாம். தெரிந்துதான் எழுதினேன். தோண்டின கருணையை மண்ணோடு ஒரு மாதமாவது மூலையில் போட்டுப் பழசாக்காமல் நம் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். அப்படிப் பழசானதைக்கூட அரிசி கழுவின தண்ணீரில் வேகவைத்து, புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால்தான் அரிப்பு சாகும். உன் அண்ணன் மூட்டை கட்டும்போதே, "புதுக் கெழங்கு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஜல்தில பண்ணிடப் போறா, சொல்லிடு" என்றார். "எல்லாம் எழுதிட்டேங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும்தான் எழுதியிருந்தேன்.

இப்போது நீ எனக்குச் செய்ததைக் கேள். ஐப்பசியில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தரகர் பெரியசாமியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். "நான் என்னாங்க பண்ணட்டும், உங்க நாத்தனாரே போன் பண்ணி, பொண்ணு மூச்சு வாங்கிக்கினு ராத்திரியில எழுந்து உக்காரும், பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க. அதே போன்ல, எங்க வூட்லயும் ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

அதே போனில், கலை. மூச்சு விடக்கூட இடைவெளி விடாமல்.

அஸ்வினிக்குச் சின்ன வயதில் இரைப்பு இருந்தது. ஸ்கூல் முடிப்பதற்குள் போயும் போய்விட்டது. அது தெரிந்த வெளி ஆள் நீ ஒருத்திதான். உன்னை நான் வெளி ஆளாக நினைக்காததால் தெரிந்தது. இப்போது அவளுக்கு இருமல் வந்தால் என்ன செய்கிறாள் தெரியுமா? எழுந்து கொல்லைப் பக்கம் போய் இருமிவிட்டு வருகிறாள். சாதாரண சளி இருமலை! பெற்ற தாய் முன்னாலேயே இருமக் கூச்சப்படுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் உனக்கு மசியல் முறை எழுதவேண்டுமா? எழுதினேன். நன்றாக எழுதினேன்.

செண்பகம் தொண்டை இந்நேரம் சரியாகியிருக்கும். என் மகள் பெயரில் நீ ஒட்டிவிட்டது எந்தப் புளியைப் போட்டாலும் போகாது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அன்புச்செல்வி ஏன் சாப்பிட்டாள்? பரிமாறுகிற பெண் கடைசியில்தானே உட்காருவாள், அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் வாயில் எப்படிப் போனது? அதை எழுது.

உன் அண்ணனிடம் சொல்வதானால் சொல். நீ சொன்னால் நானும் தரகர் கதையைச் சொல்வேன்.

அம்சா


திண்டிவனம்
17.02.2025

திருமதி அம்சா சக்கரபாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இவ்வளவு பாடுபட்டீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டீர்களா?

கல்யாணம் நிற்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் கண்டமங்கலத்துக்கே போனோம். கிழங்கு எங்கிருந்து வந்தது, முறையை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று செண்பகம் அம்மாளிடம் நீங்கள் முறை எழுதிய முதல் கடிதத்தைக் காட்டிச் சொன்னேன். "பொறாம புடிச்ச பொம்பள, தன் பொண்ணு கரையேறலன்னா அடுத்தவ பொண்ண அமுக்குவா" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. இனி அந்தப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு யார் பெண் கேட்டு வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. அவ்வளவு கலவரத்திலும் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை, அடக்கமான பெண் என்று தென்னரசு எல்லாரிடமும் சொல்கிறாராம். மார்ச் 9 ஞாயிறு, மண்டபத்தில் நிச்சயதார்த்தம்.

தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. அண்ணன் வருவார். நீங்களும் வருவீர்கள். முதல் தட்டை நீங்கள்தான் தூக்கிவரவேண்டும். அதைச் செண்பகம் அம்மாள் முன்னால் வைத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, 'தெரிஞ்சே செஞ்சேன், மன்னிச்சிக்கோங்க' என்று சொல்லவேண்டும். அவர்கள் வைத்த நிபந்தனை இது ஒன்றுதான். எனக்கும் இது ஒன்றுதான் வேண்டும். செய்யாவிட்டால் உங்கள் இரண்டாவது கடிதம் அண்ணன் கைக்குப் போகும்.

தரகர் கதையைச் சொல்வேன் என்று மிரட்டுகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். நான் சொன்னது என்ன பொய்யா? அவளுக்கு இருந்தது உண்மைதானே? அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவர் அண்ணன். யார் பேச்சு எடுபடும் என்று பார்த்துவிடலாம்.

சிவப்புப் புடவை வேண்டாம். அது உங்களுக்கு எடுக்காது.

கலைப்பிரியா மணிமாறன்


விழுப்புரம்
03.03.2025

கலைக்கு,

உன் மகள் இங்கே இருக்கிறாள் என்று உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பார். ஏன் வந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றாள். கையில் மாற்றுச் செருப்பு. உன் வீட்டு ரத்தம் என்று வாசலை மறித்து நின்றேன். அஸ்வினிதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள். சாப்பிட உட்காரவைத்துக் கேட்டேன். நான் உன்னிடம் கேட்டு, நீ பதில் எழுதாமல் விட்டதைத்தான் கேட்டேன். "அந்தக் கெழங்கு உன் வாய்ல எப்டி போச்சி?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாரும் எழுந்து வாய் கழுவிக்கினு இருந்தாங்க அத்த. அப்பாவும் அங்கதான் தண்ணி மொண்டு குடுத்துக்கினு இருந்தாரு. பூ வெக்க வந்த மாப்பிள்ள மட்டும் திரும்பி உள்ள வந்தாரு. 'எங்கம்மாவ அழ வெச்சிட்டு நின்னு வேடிக்க பாத்துக்கினு இருக்கியா, ஒக்காரு'ன்னாரு. அவங்கம்மா எலயில மிச்சம் இருந்தத என் முன்னால தள்ளுனாரு. 'வழிச்சித் துன்னு'ன்னாரு. நான் அம்மாவப் பாத்தேன். அம்மா, 'துன்னுட்டுப் போடி, அவங்க கோவம் அதோட போவட்டும்'னாங்க."

துன்னுட்டுப் போடி.

தின்றிருக்கிறாள், கலை. நடுவில் நிறுத்தினபோது 'முழுசா' என்றானாம். நீ தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாயாம். அவள் முடிக்கிறவரை கொடுக்கவில்லையாம். அந்த அடக்கத்தைத்தான் மாப்பிள்ளை ஊரெல்லாம் மெச்சுகிறார் என்று எனக்குப் பெருமையாக எழுதியிருக்கிறாய்.

உன் பிரசவம் என் வீட்டில் நடந்தது. உனக்கு அம்மா இல்லை என்று பத்தியம் பார்த்தவள் நான். அவள் பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தது இந்த விரல். அதே நாக்கில் அரிப்பை வைத்ததும் இந்தக் கைதான். சபையில் நீ தலைகுனிய வேண்டும் என்று அளந்து அனுப்பினேன். நீ அதில் ஒரு துளிகூட உன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரத்துக்கு இந்தத் தாள் போதாது.

நீ அன்றைக்குத் தரகருக்குப் போன் பண்ணியிராவிட்டால் அந்த இலை முன்னால் அஸ்வினி உட்கார்ந்திருப்பாள், என் மகளைக் காப்பாற்றியவள் நீ என்று யாராவது சொல்லலாம். அதற்காக உனக்கு நன்றி சொல்லமாட்டேன். நீ காப்பாற்ற நினைத்துச் செய்யவில்லை. கிணற்றுக்கரையிலிருந்து என் பெண்ணைத் தள்ளிவிட்டு உன் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினாய், அவ்வளவுதான்.

நேற்று வயலுக்குப் போனேன். வரப்போரம் இரண்டு கொத்து மிச்சம் இருந்தது. நானே மண்வெட்டி பிடித்து ஒன்றைத் தோண்டினேன். வீட்டுக்கு வந்து உனக்கு எழுதின முறையிலேயே செய்தேன். வெறும் தண்ணீர், ஒரு விசில், புளி இல்லை. உன் மகளை எதிரே உட்காரவைத்து, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டு, அவ்வளவையும் இலையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். 'வேணாம் அத்த, வேணாம் அத்த' என்று அழுதாள். விடவில்லை. காது வரைக்கும் குத்துகிறது, கலை. எச்சில் விழுங்க முடியவில்லை. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. உன் அண்ணன் ஓடிவந்தார். அந்த நாக்கை வைத்துக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததை நான் சொன்னேன். நீ செய்ததை உன் மகள் சொன்னாள். அவர் சீர்த்தட்டுக்கு வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். என் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மண்டபத்துக்குச் சீர் வராது. தாய்மாமன் வரமாட்டார். பெண்ணும் வரமாட்டாள். செண்பகம் முன்னால் யார் வந்து மன்னிப்புக் கேட்பது என்று நீயே முடிவு பண்ணிக்கொள்.

உனக்கு மகள் வேண்டும் என்றால் பஸ் ஏறி இங்கே வா. தனியாக வா. அவன் வண்டியில் வந்தால் கதவு திறக்காது. செய்த மசியலில் பாதியை மூடி வைத்திருக்கிறேன். அது கெட்டுப்போனால் திரும்பவும் தோண்டுவேன். இலை போட்டு நானே பரிமாறுவேன். தண்ணீர்ச் சொம்பு உன் மகள் கையில் இருக்கும். நீ முழுசாகச் சாப்பிட்டு முடித்த பிறகு கொடுப்பதா, நடுவிலேயே கொடுப்பதா என்பது அவள் இஷ்டம். அதற்குப் பிறகு அவள் உன்னோடு வருகிறேன் என்றால் நானே இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிடுகிறேன். வரமாட்டேன் என்றால், அவளுக்கு இங்கே வீடு இருக்கிறது.

என் பங்கை நான் விழுங்கிவிட்டேன். இனி நீ.

அன்புச்செல்வியின் அத்தை,
அம்சா